பழைய கொதிகலனைப் பேணுவோம்

அரிசி ஆலையின் பின்புறத்தில், தகரக் கொட்டிலின் கீழ், விறகாலும் உமியாலும் எரியும் கொதிகலனை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். 'பொயிலர்' என்று நாம் அழைக்கும் இதில் உண்டாகும் நீராவியைக் கொண்டே நெல்லை அவிக்கிறோம். புதிதாக ஒன்றை வாங்குவது சிறிய ஆலைக்காரருக்கு இலகுவான காரியமன்று. ஆகவே, இருப்பதைப் பழுதின்றிப் பாவிக்கும் வழிகளை இங்கு நோக்குவோம்.

கறள் எப்போது பிடிக்கிறது?

கொதிகலன் எரிந்து எரிந்தே பழுதாகிறது எனப் பலர் நினைக்கின்றனர். உண்மையில், சும்மா கிடக்கும் மாதங்களிலேயே அது பெரிதும் அழிகிறது. அறுவடை நெல் அவித்து முடிந்ததும் சாம்பலையும் கரியையும் அப்படியே விட்டுவிடுகிறோம். சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அந்த ஈரம் இரும்புத் தகட்டைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். உள்ளே அரைகுறையாக நிற்கும் நீரும் அவ்வாறே செய்யும். நீரும் காற்றும் சந்திக்கும் மட்டத்தில் கறள் அதிகம்.

ஆகவே வேலை ஓய்ந்ததும் பின்வருவனவற்றைச் செய்தல் வேண்டும்:

1. கலன் ஆறியபின் நீர் முழுவதையும் வெளியேற்றி, மூடிகளைத் திறந்து உட்புறத்தை நன்றாக உலரவிடுக.

2. அடுப்பு, குழாய்கள், புகைபோக்கி ஆகியவற்றிலுள்ள சாம்பலையும் கரியையும் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுத்து, தகட்டில் மெல்லியதாக எண்ணெய் பூசுக.

3. புகைபோக்கியின் வாயைத் தகரத்தால் மூடுக. மாரி மழை அதன் வழியாகவே உள்ளே இறங்கும்.

4. நீறாத சுண்ணாம்புக் கட்டிகளைத் தட்டு ஒன்றிலிட்டு உள்ளே வைத்து மூடுக. அவை ஈரத்தை உறிஞ்சும். பொடியானதும் மாற்றுக. கையிலும் கண்ணிலும் படாமல் அவதானமாக இருத்தல் வேண்டும். மீண்டும் நீர் விடுமுன் தட்டை எடுக்க மறக்கலாகாது.

நீரும் விறகும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையில் அமைந்தவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதே கொதிகலனிலும் படிகிறது. இப்படிவு வெப்பம் நீருக்குச் செல்வதைத் தடுப்பதால் விறகு வீணாகிறது. தகடும் அளவுக்கு மீறிச் சூடாகி வலுவிழக்கிறது. சேமித்த மழைநீர் கிடைக்குமாயின் அதைப் பாவிப்பது நன்று. அடிக்குழாயை நாள்தோறும் சிறிது நேரம் திறந்து கசடு நீரை வெளியேற்றுதல் வேண்டும்.

ஈர விறகும் கலனுக்குக் கேடு. விறகிலுள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக்க, அதே அளவு கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப் போல் ஏறக்குறைய 7 மடங்கு செலவாகும். தீ மந்தமாக எரிய, குழாய்களில் தார் போன்ற கரி ஒட்டிக்கொள்ளும். விறகைப் பிளந்து, கூரையின் கீழ் மாதக்கணக்கில் உலரவிட்டே எரிப்போம்.

உயிரைக் காக்கும் மூன்று

நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு பெருக்கிறது. அதனை அடைத்து வைத்திருக்கும் கலன் வெடித்தால் அருகில் நிற்பவர் தப்புவது அரிது. ஆகவே நீர்மட்டக் கண்ணாடி, அமுக்கமானி, பாதுகாப்பு வால்வு ஆகிய மூன்றும் எப்போதும் சரியாக இயங்க வேண்டும். ஆவி கசிகிறது என்று பாதுகாப்பு வால்வில் கல்லைத் தொங்கவிடுவதும் கம்பியால் கட்டுவதும் பேராபத்து.

கண்ணாடியில் நீர் தெரியாவிட்டால் அவசரப்பட்டு நீர் விட வேண்டாம். காய்ந்து சிவந்த தகட்டில் குளிர் நீர் பட்டால் கலன் வெடிக்கலாம். காற்று வழியை மூடி, ஈரச் சாம்பலால் அல்லது மண்ணால் தீயை அமர்த்தி, எல்லோரையும் விலக்கி, தானாக ஆறவிடுக.

மெலிந்த தகட்டின் மேல் தெருவோரப் பட்டறையில் ஒட்டுப் போடுவதும் தகாது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நீராவிக் கொதிகலன்களின் பரிசோதனை பற்றியும் கூறுகிறது. தகுதி பெற்ற பரிசோதகர் 'இனிப் போதும்' என்றால் அக்கலனைக் கைவிடுவதே சரி. பேணுதல் என்பது பழையதை எப்படியாவது ஓட்டுவதன்று; எதுவரை ஓட்டலாம் என அறிந்திருப்பதுமாகும். தீ மூட்டுபவர் மாலையில் சுகமாக வீடு திரும்புவதே நமது முதல் இலாபம்.