கேமரா வாங்கும் முன் ஒப்பிட வேண்டியவை

கையடக்க டிஜிட்டல் கேமரா வாங்கச் செல்வோர் முதலில் கேட்பது, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதே. விற்பனையாளரும் பெரிய எண்ணையே முன்வைப்பார். ஆனால் திருமண மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் படம் தெளிவாக அமையுமா என்பதை அந்த எண் சொல்வதில்லை. மீண்டும் வாராத தருணங்களுக்காக வாங்கும் கருவியை வேறு அளவுகோல்களால் ஒப்பிட வேண்டும்.

மெகாபிக்சல்

ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். 6×4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட ஏறத்தாழ 2.2 மெகாபிக்சல் போதும். 10×8 அங்குலப் படத்துக்கு 7.2 மெகாபிக்சல் தேவை. எனவே வீட்டு ஆல்பத்துக்குப் படம் எடுப்போர், 16 மெகாபிக்சலுக்குப் பதிலாக 20 மெகாபிக்சல் வேண்டும் என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

சென்சாரும் லென்ஸும்

ஒளியை வாங்கிப் படமாக்கும் பகுதி சென்சார். விலை குறைந்த கேமராக்கள் பலவற்றில் உள்ள 1/2.3 அங்குல வகைச் சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ஓர் அங்குல வகையில் அது சுமார் 116 சதுர மில்லிமீட்டர்; அதாவது நான்கு மடங்கு. பரப்பு பெரிதானால் சேரும் ஒளி மிகும். இரவுப் படங்களில் தோன்றும் மணல் தூவியது போன்ற புள்ளிகள் குறையும்.

லென்ஸின் மீது எழுதியுள்ள எஃப் எண் சிறிதாக இருப்பது நன்று. எஃப்/3.5 லென்ஸைக் காட்டிலும் எஃப்/1.8 லென்ஸ் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

ஜூமில் ஆப்டிகல் ஜூமை மட்டும் கணக்கில் கொள்க. டிஜிட்டல் ஜூம், எடுத்த படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே. தங்கள் கைப்பேசியில் இல்லாத நீண்ட ஆப்டிகல் ஜூமோ பெரிய சென்சாரோ கிடைக்காவிட்டால், தனிக் கேமரா வாங்குவது வீண்செலவாகலாம்.

கடையில் ஒரு சோதனை

கடைக்காரரின் அனுமதியுடன் தங்கள் மெமரி கார்டைப் பொருத்தி, கடையின் இருண்ட மூலை ஒன்றை இரு கேமராக்களிலும் ஃப்ளாஷ் இன்றிப் படம் எடுங்கள். வீட்டுக் கணினியில் இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் பாருங்கள். விளம்பரம் சொல்லாததைப் படம் சொல்லிவிடும்.

முழு விலை

மெமரி கார்டு, உதிரி பேட்டரி, உறை ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். இந்தியாவில் செல்லுபடியாகும் உத்தரவாதம் உள்ளதா, ரசீதில் கருவியின் வரிசை எண் குறிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள்.

தவணையில் வாங்குவோர், "வட்டி இல்லை" என்ற அறிவிப்பை மட்டும் நம்பிவிடலாகாது. ஒரே தொகையாகச் செலுத்தினால் ரூ.28,000 என்றும், 12 தவணைகளில் மொத்தம் ரூ.30,000 என்றும் கடைக்காரர் சொன்னால், இடையிலுள்ள ரூ.2,000 வேறு பெயரில் வரும் வட்டியே. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. ஆகவே, செயல்முறைக் கட்டணத்தையும் கூட்டி, மொத்தத் தொகையை ரொக்க விலையுடன் ஒப்பிட்ட பின்னரே கையெழுத்திடுங்கள்.