எக்ஸாம்ப் வைத்திருக்கிறீர்களா? பிஎச்பி ஓட்டையை அடையுங்கள்!

தங்கச்சிமடத்துக்கு விடுமுறைக்குப் போனால், கல்லூரிப் பிள்ளைகளின் லேப்டாப்களைப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் எக்ஸாம்ப் இருக்கும். இன்ஸ்டால் செய்ததோடு சரி, யாரும் அப்டேட் செய்திருக்க மாட்டார்கள். உங்கள் விண்டோஸிலும் அப்படித்தானா?

2024 ஜூன் 6 அன்று வந்த பிஎச்பி 8.3.8, 8.2.20, 8.1.29 பதிப்புகள், தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்ச் ட்சாய் கண்டுபிடித்த ஓட்டையை அடைத்தன. வேடிக்கை என்னவென்றால், இது 2012-லேயே அடைத்த ஓட்டை! சிஜிஐ முறையில் பிஎச்பி இயங்கும்போது, வெப் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் '-' போட்டு பிஎச்பிக்கே கட்டளை கொடுக்க முடிந்தது. அந்தக் குறியைத் தடுத்தார்கள். ஆனால் சீன, ஜப்பானிய மொழி அமைப்பில் ஓடும் விண்டோஸ், 'சாஃப்ட் ஹைஃபன்' என்ற வேறு எழுத்தையும் சாதாரண '-' ஆக மாற்றி உள்ளே அனுப்பிவிடுகிறது. வாசலில் ஒரு முகம், உள்ளே வேறு முகம். இரண்டே நாளில் 'டெல் யூ த பாஸ்' ரேன்சம்வேர் இந்த வழியாக சர்வர்களுக்குள் புகுந்தது.

நம்முடையது ஆங்கில விண்டோஸ்தானே என்று இருந்துவிடாதீர்கள். மற்ற மொழிகளில் ஆபத்தே இல்லை என்று டெவ்கோர் உறுதி தரவில்லை. தவிர, எக்ஸாம்ப் தானாகவே பிஎச்பி ஃபோல்டரை வெப் பக்கம் திறந்து வைத்திருந்தது. அப்பாச்சியின் எக்ஸாம்ப் கான்ஃபிக் ஃபைலில் 'பிஎச்பி-சிஜிஐ' வரும் ஸ்கிரிப்ட் அலியாஸ் வரிக்கு முன் # போட்டு, அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

8.0-க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் திருத்தம் வரவில்லை. புதிய பதிப்புக்கு மாறத்தான் வேண்டும். முதலில் பேக்கப் எடுங்கள். பிஎச்பி 5 காலத்து 'மைஎஸ்க்யூஎல் கனெக்ட்' கட்டளை 7-லேயே நீக்கப்பட்டுவிட்டது. அண்ணனிடம் வாங்கிய பழைய புராஜெக்ட் என்றால் அந்த வரிகளை 'மைஎஸ்க்யூஎல்ஐ'க்கு மாற்றி எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி வையுங்கள்.