செகண்ட் ஹேண்ட் மடக்கு இ-சைக்கிள் வாங்கப் போறீங்களா? முதல்ல பேட்டரியின் கதையைக் கேளுங்க!

பாளையங்கோட்டையில் வீடு, டவுனில் வேலை. பைக் எடுத்தால் பெட்ரோல் செலவு, பஸ்ஸுக்கு நின்றால் நேரம் போகிறது. மடக்கி கார் டிக்கியிலோ வீட்டு ஹாலிலோ வைத்துக்கொள்ளும் எலெக்ட்ரிக் சைக்கிள் மேல் ஆசை வருவது இயல்புதான். புதுசு விலை கையைக் கடிக்க, ஆன்லைனில் பழசைத் தேடுகிறோம். 'ஒரு வருஷம்தான் ஆச்சு, சூப்பர் கண்டிஷன்' என்கிறார் விற்பவர். நம்பலாமா?

ஆர்.சி. இல்லை... அதுதான் சிக்கலும்!

250 வாட்டுக்குள் மோட்டார், மணிக்கு 25 கி.மீ.க்குள் வேகம். இந்த வரம்புக்குள் சான்று பெற்ற இ-சைக்கிளுக்குப் பதிவு, ஓட்டுநர் உரிமம் எதுவும் வேண்டாம். வசதிதான். ஆனால் ஆர்.சி. இல்லாததால் யார் வண்டி, எத்தனை பேர் கை மாறியது என்று சொல்ல எந்த ஆவணமும் இருக்காது. அதனால் ஒரிஜினல் பில்லைக் கேளுங்க. பில்லில் இருக்கும் ஃபிரேம் நம்பரை சைக்கிளில் பொறித்திருக்கும் நம்பரோடு ஒப்பிடுங்க. விற்றதாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்க.

'லாக் எடுத்துட்டோம், 40-ல போகும்' என்று பெருமையாகச் சொன்னால் ஒதுங்கிவிடுங்க. வரம்பைத் தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவும் இன்சூரன்ஸும் இல்லாமல் ஓட்டினால் சிக்கல் உங்களுக்குத்தான்.

வெள்ளத்தில் நனைந்ததா?

நெல்லை, தூத்துக்குடி பக்கம் வாங்குபவர்கள் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது: '2023 டிசம்பர்ல இந்த வண்டி எங்க நின்னுச்சு?'

அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பேருந்து நிலையம், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றன. வீட்டு வாசலில் நின்ற வண்டிகளும் மூழ்கின.

தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரி காய்ந்தபிறகு நன்றாகவே ஓடலாம். ஆனால் உள்ளே துரு பிடித்து, வாரங்கள் கழித்துக்கூட ஷார்ட் ஆகலாம். 2022-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயான் புயலின் கடல்நீரில் மூழ்கிய மின்வாகனங்கள் சில, பிறகு தீப்பிடித்தன. பேட்டரி உறையில் சேறு கோடு, சார்ஜிங் பின்னில் பச்சை நிறக் கறை, புதிதாக ஒட்டிய டேப், திறந்து மூடிய ஸ்க்ரூ தெரிந்தால் பேரமே பேசாதீங்க.

'செல் மாத்தியாச்சு' என்றால்?

உஷாராகணும். நியூயார்க் நகரில் 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரி தீ விபத்துகள் 268. பலியானவர்கள் 18 பேர். அங்கே அதே ஆண்டு வந்த சட்டம், பழைய செல்களை எடுத்துக் கோர்த்த பேட்டரி விற்பதையே தடை செய்தது. நாமோ அதை இரவு முழுக்க ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவோம். சார்ஜரும் கம்பெனி சார்ஜராக இருக்கணும். 36 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜர் வெளியீடு 42 வோல்ட், லேபிளில் பாருங்க.

எவ்வளவு தூரம் வரும்?

36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் பெருக்கினால் 360 வாட் ஹவர். பெடல் மிதிக்காமல் போனால் கி.மீ.க்கு 12 வாட் ஹவர் என்று வைத்துக்கொண்டால், புதிதில் 30 கி.மீ. வரும். வயசாகி 70 சதவீதம்தான் மிச்சம் என்றால் 21 கி.மீ. பாளையங்கோட்டை - டவுன் போய்வரப் போதும்; அம்பாசமுத்திரம் போக நினைக்காதீங்க. நம்ம ஊர் வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி இன்னும் சீக்கிரம் சோரும்.

தெருமுனை வரை ஒரு ரவுண்டு போதாது. ஃபுல் சார்ஜில் கிளம்பி 10 கி.மீ. ஓட்டுங்க. ஈரடுக்கு மேம்பாலம் மாதிரி ஓர் ஏற்றத்தில், மிதிக்காமல் ஏறிப் பாருங்க. ஏறும்போது திரையில் கோடுகள் சரிந்து, சமதளத்தில் திரும்ப ஏறினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மடக்குற இடம்?

நடு ஃபிரேமிலும் ஹேண்டில் தண்டிலும் உள்ள கீல்களில் வெல்டிங் விரிசல் இருக்கா, பூட்டியபின் ஆட்டம் இருக்கா என்று பாருங்க. அந்த மடிப்பில்தான் ஒயர்கள் நசுங்கும். ஐந்தாறு தடவை மடக்கி விரித்து, மோட்டார் ஓடுதா என்று சோதியுங்க. நீங்களே தூக்கியும் பாருங்க. பல மாடல்கள் 20 கிலோவுக்கு மேல். தினமும் மாடிப்படி ஏற்ற முடியுமா?

சென்னை, பெங்களூரில் வாங்கி விமானத்தில் தூத்துக்குடிக்குக் கொண்டுவரலாம் என்ற கணக்கும் வேண்டாம். பயணிகள் விமானத்தில் 160 வாட் ஹவருக்கு மேற்பட்ட பேட்டரிக்கு அனுமதி இல்லை.

சரி, என்ன விலை கொடுக்கலாம்?

அந்த மாடலுக்குப் புது பேட்டரி இப்போதும் கிடைக்குதா, என்ன விலை என்று கம்பெனி சர்வீஸில் முதலில் விசாரியுங்க. கேட்கும் விலையோடு அதைக் கூட்டுங்க. அந்தத் தொகை புது சைக்கிள் விலையை நெருங்கினால், கும்பிடு போட்டுவிட்டு வந்துடுங்க. பேட்டரியே கிடைக்காது என்றால், எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் நஷ்டம்தான்.