தாத்தா சைக்கிளுக்குப் புதுச் சாமான்: அழகுக்கா, வேலைக்கா?



பழசை மாத்துறது நம்ம பழவேற்காட்டுக்குப் புதுசு இல்லை. பருத்தி நூல் வலை போனது, நைலான் வலை வந்தது. கட்டுமரம் கிடந்த கரையில் இன்று ஃபைபர் படகு நிற்கிறது. நைலான் வலை பளபளன்னு இருக்கு என்பதற்காகவா வாங்கினார்கள்? இல்லை. அது தண்ணீரைக் குடித்துக் கனக்காது, ஈரத்தில் மக்காது. அதனால்தான் வாங்கினார்கள். "இது என்ன வேலை செய்யும்?" என்று கேட்டுவிட்டுத்தான் நம் பெரியவர்கள் எதையும் மாற்றினார்கள்.

ஆனால் சைக்கிள் என்று வந்தால் நாம் மட்டும் "பார்க்க எப்படி இருக்கும்?" என்று கேட்கிறோம்! பதினோராம் வகுப்பு வந்தால் அரசாங்க சைக்கிள் கிடைக்கும். அதுவரைக்கும் நம்மில் பலருக்கு வீட்டில் இருக்கிற தாத்தா வண்டிதான். மீன் கூடை கட்டி ஓட்டிய அந்தக் கறுப்பு வண்டியை 'ரேஞ்சர்' மாதிரி மாத்திடணும் என்று ஆசை. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று பார்ப்போமா?

பழைய வண்டியின் கதை

இந்த வண்டியின் உருவம் நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. 1885ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' சைக்கிளைச் செய்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். 1888ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டு வந்தார். நம் நாட்டில் 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கி, நமக்குப் பக்கத்தில் உள்ள அம்பத்தூரிலேயே ஹெர்குலிஸ் வண்டிகள் செய்தார்கள். 1951ல் சோனிபட்டில் அட்லஸ், 1956ல் லூதியானாவில் ஹீரோ வந்தன. அட்லஸ் கம்பெனி 2020 ஜூன் மாதத்தில் தன் கடைசித் தொழிற்சாலையையும் நிறுத்திவிட்டது. ஆகவே நல்ல பிரேம் ஒன்று வீட்டில் இருந்தால் அதைக் கெடுத்துவிடக் கூடாது.

ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வேலை

முன் ஃபோர்க் முன்னால் நன்றாக வளைந்திருக்கிறதே, அழகுக்கா? மேடு பள்ளத்தில் அந்த வளைவு கொஞ்சம் அசைந்து கொடுத்து அதிர்ச்சியைக் குறைக்கும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தூரம் அதிகமாக இருப்பதால் பின்னால் பாரம் ஏற்றினாலும் வண்டி நேராகப் போகும். செயினை முழுசாக மூடும் கவர், வேட்டி மாட்டாமல் இருக்க மட்டுமில்லை, மணலும் உப்பும் செயினில் ஒட்டாமல் இருக்கவும்தான். பழசு என்று கழற்றிப் போட்டால் நம்ம ஊர் மணல் சீக்கிரமே செயினைத் தேய்த்துவிடும்.

இப்போது நாம் அதிகம் மாற்ற ஆசைப்படும் சாமான்களைப் பார்ப்போம்.

1. சக்கரம்

உங்கள் வண்டி டயரின் ஓரத்தைப் படித்துப் பாருங்கள். பழைய வண்டியில் 28 × 1½ என்றும், சிலவற்றில் 40-635 என்றும் இருக்கும். 635 என்பது டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். 40 என்பது டயரின் அகலம். ரேஞ்சர் வண்டியின் 26 இஞ்ச் தடித்த டயருக்கு அது 47-559. கணக்குப் போடுங்கள். பழைய சக்கரத்தின் ஆரம் 357.5 மி.மீ. புதுசு 326.5 மி.மீ. அதாவது வண்டி 3 செ.மீ. கீழே இறங்கிவிடும். வளைவில் சாய்ந்து திரும்பும்போது பெடல் தரையில் இடிக்கும். ரிம்மும் 38 மி.மீ. உள்ளே போய்விடுவதால் பிரேக் கட்டை ஒரு இடத்தில், ரிம் ஒரு இடத்தில் என்று ஆகிவிடும்.

2. பிரேக்

இதுதான் உயிர் விஷயம். பழைய வண்டியில் கம்பி பிரேக். கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தை நோக்கி இழுபடும். அதனால் அந்த ரிம்மின் ஓரம் உருண்டையாகவே இருக்கும். புது வண்டியில் ஒயர் பிரேக். கட்டைகள் இரண்டு பக்கமிருந்தும் கிள்ளிப் பிடிக்கும். அதற்கு ரிம்மின் பக்கம் தட்டையாக இருக்கணும். உருண்டை ரிம்மில் ஒயர் பிரேக்கை மாட்டினால் கட்டையின் ஒரு நுனி மட்டும்தான் படும். கடையில் நிற்கும்போது பிடிப்பது மாதிரி தெரியும், ஓடும்போது பிடிக்காது. மாற்றுவதானால் ரிம், பிரேக் இரண்டையும் சேர்த்தே மாற்றணும்.

கம்பி பிரேக்கிலும் ஒரு குறை உண்டு. குரோமியம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர் வழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் வண்டி நிற்கும் தூரம் நாலு மடங்காகும் என்பதையும் மறக்காதீர்கள். பின்னால் மீன் பெட்டியோ தம்பி தங்கையோ இருந்தால் இன்னும் ஆபத்து. அதனால் தேய்ந்த கட்டையை உடனே மாற்றுங்கள். முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் வேலை செய்யணும். ஹப்புக்குள் மூடியிருக்கும் டிரம் பிரேக் கிடைத்து, சக்கரத்தைச் சரியாகக் கோத்துத் தருபவரும் இருந்தால் அது நல்ல மாற்றம். அதற்குள் மழைத் தண்ணீர் அவ்வளவு சுலபமாகப் போகாது.

3. சீட்

ஒல்லியான ரேஸ் சீட் பார்க்க ஸ்டைல்தான். ஆனால் அது குனிந்து ஓட்டுகிறவருக்குச் செய்தது. அவர் பாரத்தில் ஒரு பங்கைக் கைகள் தாங்கும். தாத்தா வண்டியில் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். பாரம் முழுக்க சீட்டில்தான். அதனால்தான் அகலமான சீட், கீழே சுருள் ஸ்பிரிங். ரேஸ் சீட்டை மாட்டிப் பொன்னேரி வரைக்கும் போய் வந்தால் மறுநாள் வகுப்பில் பெஞ்சில் உட்கார முடியாது!

4. கியர்

பின்னால் ஐந்தாறு பல்சக்கரம் வைத்த கியர் செட்டுக்கு இடம் அதிகம் வேண்டும். பழைய பிரேமின் பின் இடைவெளி சுமார் 11 செ.மீ. ரேஞ்சர் வண்டியின் கியர் ஹப்புக்கு 13 செ.மீ.க்கும் மேல் வேண்டும். பிரேமை நெம்பி அகலப்படுத்தினால் இரண்டு காலும் இணையாக நிற்காது, சக்கரம் கோணும். மேலும் கியர் மாற்றும் கருவி வெளியே தொங்கும். மணலுக்கும் உப்புக் காற்றுக்கும் அதுதான் முதல் பலி.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெடல் பக்கம் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை மிதித்தால் வண்டி சுமார் 5.5 மீட்டர் போகும். பின்னால் 20 பல் ஃப்ரீவீல் போட்டால் சுமார் 4.9 மீட்டர் போகும். தூரம் குறைந்தாலும் காலுக்குப் பத்தில் ஒரு பங்கு பாரம் குறையும். எதிர்காற்றிலும் கூடை ஏற்றியும் ஓட்டுபவருக்கு அது பெரிய உதவி. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும்.

5. லைட்

இது கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். பழைய டைனமோ டயரை உரசி ஓடும். மிதிக்கக் கஷ்டம், நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். எல்.இ.டி. லைட் பேட்டரியில் எரியும், கரண்ட் கொஞ்சம்தான் எடுக்கும், நின்றாலும் எரியும். பழைய உருண்டை லைட் கூட்டுக்குள்ளேயே அதைப் பொருத்தலாம். உருவம் பழசு, வெளிச்சம் புதுசு! பின்பக்கம் சிவப்பு ஒளி எதிரொளிப்பானும் மறக்காமல் வையுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

சைக்கிளின் இடது பெடலுக்கு மறை தலைகீழாக இருக்கும். அதைக் கழற்ற வலப்பக்கம் சுற்றணும். மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. தெரியாமல் மற்றதைப் போலவே சுற்றினால் இன்னும் இறுகித்தான் போகும்.

நம்ம ஊருக்கு மட்டும் ஒரு பாடம்

பட்டணத்தில் சரியாக இருப்பது ஏரிக்கரையில் சரியாக இருக்காது. காரணம் உப்பு. இரும்பு பிரேமுக்குள் அலுமினியக் கம்பியில் சீட்டை மாட்டினால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி செல் மாதிரி ஆகிவிடும். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி இறுகிக்கொள்ளும். பிறகு சம்மட்டியால் அடித்தாலும் வராது. மாட்டும்போதே கிரீஸ் தடவினால் தப்பிக்கலாம். பிரேக் ஒயரும் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் பட்டென்று அறுந்துவிடும். கம்பி பிரேக்கில் துரு கண்ணுக்குத் தெரியும், எண்ணெய் விடலாம். அதனால் கரையில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். எந்தப் புதுச் சாமானையும் விட இதற்குப் பலன் அதிகம்.

மூன்று கேள்விகள்

கடைக்குப் போகும்முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பழைய சாமான் என்ன வேலை செய்தது?
புதுசு அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யுமா?
இதை மாற்றினால் கூடவே வேறு எதை மாற்றணும்?

மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தாராளமாக மாற்றுங்கள். தெரியாவிட்டால் சைக்கிள் கடை அண்ணனிடம் கேளுங்கள். "எது அழகா இருக்கும்ணா?" என்று கேட்காமல், "எது உழைக்கும்ணா?" என்று கேளுங்கள். சும்மா ஆசைக்கு ஹேண்டில் நுனியில் கலர் ரிப்பன் கட்டிக்கொள்வதில் தப்பில்லை. பிரேக்கில் மட்டும் விளையாட்டு வேண்டாம் நண்பர்களே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவன்