ஹிட்லர் கொடுத்த மேபேக்: பழைய கார் ஒரு முதலீடா?

போன மாதம் ஏற்காடு பக்கம் செம்மநத்தத்தில் ஒரு தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன். ஐ.டி. வேலை, 27 வயசு. "அண்ணா, பழைய கார் ஒண்ணு விலைக்கு வருது. பர்சனல் லோன் போட்டு வாங்கிடலாமா? இருபது வருஷத்துல கோடி ஆகிடும்ல?"ன்னு கேட்டார். அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்றேன்.

பாட்டியாலாவின் மேபேக்

மேபேக் கம்பெனி 1909-ல் தொடங்கியது செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்கு இன்ஜின் செய்யத்தான். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் அந்தத் தொழிலுக்குத் தடை வந்தது. அதனால் 1921-ல் கார் பக்கம் திரும்பினார்கள். 1931-ல் வந்த 'செப்பலின் டி.எஸ். 8' மாடலுக்கு 12 சிலிண்டர், 8 லிட்டர் இன்ஜின், 200 குதிரைத்திறன், எடை சுமார் 3 டன். போருக்கு முன் மேபேக் செய்த மொத்த கார்களே ஏறத்தாழ 1,800தான். அதில் செப்பலின் மாடல்கள் 200-ஐக்கூடத் தொடவில்லை.

அப்படி ஒரு மேபேக்கை 1935-ல் ஜெர்மனிக்குப் போன பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்கு ஹிட்லர் பரிசாகக் கொடுத்தார் என்பது அரச குடும்பம் சொல்லும் வரலாறு. 1938-ல் மகாராஜா இறந்துவிட்டார். அடுத்த வருஷம் போர். எதிரி நாட்டுத் தலைவர் கொடுத்த காரை ரோட்டில் ஓட்ட முடியுமா? அரண்மனைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானமும் போனது, காரும் குடும்பத்தின் கையை விட்டுப் போனது.

கவனிங்க: மகாராஜா அதை முதலீடாக வாங்கவில்லை. ஷெட், டிரைவர், மெக்கானிக் எல்லாம் அரண்மனைச் செலவு. ஏலத்தில் வரும் கோடிக்கணக்கு விலைதான் நம் கண்ணுக்குத் தெரியும். துருப்பிடித்து இரும்புக் கடைக்குப் போன கார்கள் தெரியாது.

லாபம் வந்தாலும் வரி உண்டு

சொந்த உபயோகத்துக்கான காரை விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் ஒருவர் 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 மாடல் ஃபோர்டு காரை 21 லட்சத்துக்கு விற்றார். 105 மடங்கு! "சொந்த உபயோகக் கார், வரி இல்லை" என்றார். அவரும் நம்மைப் போல சம்பளக்காரர்தான். சொந்தமாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்று 2025-ல் பாம்பே உயர் நீதிமன்றம் வரி உண்டு என்றே தீர்ப்புச் சொன்னது. காரை ஓட்டக்கூடிய நிலையில் வைத்திருந்தால் மட்டும் போதாது, உண்மையிலேயே ஓட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், 50 வருஷம் தாண்டிய காரை 'வின்டேஜ்' என்று புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். அப்படிப் பதிவு செய்தால் தினசரி ஓட்ட முடியாது. ஆக, வரி விலக்குக்கு ஓட்டணும், வின்டேஜ் பதிவுக்கு ஓட்டக் கூடாது!

வாங்கும் முன் மூணு கேள்வி

1. ஆர்.சி., பழைய உரிமையாளர் விவரம், பில் எல்லாம் இருக்கா?
2. ஷெட், உதிரிபாகம், இன்ஷூரன்ஸுக்கு மாசம் எவ்வளவு?
3. நாளைக்கே பணம் தேவைன்னா யார் வாங்குவாங்க?

மூணாவது கேள்விக்குத் தம்பியிடம் பதில் இல்லை. "ஆசைக்கு வாங்கு, கைக்காசுல வாங்கு. முதலீடுன்னு பேர் வெச்சு கடன்ல வாங்காதே"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? கமெண்ட்ல எழுதுங்க.