டேவிஸ் கோப்பை: ரசிகர்களின் கோபம் யார் மீது?

புது தில்லி: 2016 செப்டம்பரில் தில்லி ஆர்.கே. கன்னா டென்னிஸ் அரங்கில் இந்தியாவும் ஸ்பெயினும் மோதின. டேவிஸ் கோப்பையின் உலகப் பிரிவுக்குள் நுழைவதற்கான தகுதிப் போட்டி அது. ஆனால், ரசிகர்களை ஈர்த்த பெயர் இந்திய வீரர் எவருடையதும் அல்ல. எதிரணியின் ரஃபேல் நடாலுடையது. வயிற்றுக் கோளாறு காரணமாக முதல் நாள் ஒற்றையர் ஆட்டத்திலிருந்து நடால் விலகிக்கொண்டபோது அரங்கில் ஏமாற்றம் நிலவியது. அவர் ஒற்றையரில் ஆடாமலேயே இந்தியா 0-5 என்ற கணக்கில் தோற்றது.

சொந்த மண்ணில் எதிரணி வீரரைப் பார்த்து ஆறுதல் அடையும் நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2014-ல் பெங்களூரில் செர்பியாவிடமும், 2015-ல் தில்லியில் செக் குடியரசிடமும், 2017-ல் எட்மன்டனில் கனடாவிடமும், 2018-ல் மீண்டும் செர்பியாவிடமும் இதே தகுதிப் போட்டியில் இந்தியா தோற்றது. ஸ்பெயினையும் சேர்த்தால், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வாசல் வரை வந்து திரும்பிய கதை இது. 2023 பிப்ரவரியில் டென்மார்க்கிடம் 2-3 எனத் தோற்று, முதன்முறையாக இரண்டாம் உலகப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 2024 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனிடம் 0-4 எனச் சரிந்தது.

விளையாட்டில் தோல்வி இயல்பு என்பதை ரசிகர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆடத் தகுதி உள்ளவர்கள் களத்துக்கு வராததும், வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாததும், அதற்கெல்லாம் பொறுப்பேற்க எவரும் இல்லாததும்தான் அவர்களது மனக்குறை.

மூன்று இறுதிப் போட்டிகள்

இந்த மனக்குறைக்கு ஒரு பின்னணி உண்டு. டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு இந்தியா மூன்று முறை முன்னேறியிருக்கிறது. 1966-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றபோதும், ராமநாதன் கிருஷ்ணன் - ஜெய்தீப் முகர்ஜி இணை இரட்டையர் ஆட்டத்தில் நியூகோம்ப் - ரோச் இணையை வென்றது. 1974-ல் இறுதிப் போட்டியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியை எதிர்த்து ஆட மறுத்த இந்தியா, கோப்பையை விட்டுக்கொடுத்தது. 1987-ல் விஜய் அமிர்தராஜும் ரமேஷ் கிருஷ்ணனும் அடங்கிய அணி, ஆஸ்திரேலியாவை சிட்னியிலேயே வீழ்த்தி இறுதிப் போட்டியை எட்டியது. கோதன்பர்க்கில் ஸ்வீடனிடம் தோற்றது.

1974-லும் இந்திய அணி களமிறங்கவில்லைதான். ஆனால், அதற்கான காரணத்தை உலகின் முன் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது. பிற்காலத்தில் வீரர்கள் களமிறங்காததற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் அப்படிப்பட்டவை அல்ல.

களத்துக்கு வெளியே நடந்த ஆட்டம்

லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் 1999-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளிலும் இரட்டையர் இறுதிச் சுற்றை எட்டி, பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் பட்டங்களை வென்றவர்கள். டேவிஸ் கோப்பையில் இந்த இணை தொடர்ந்து 24 ஆட்டங்களில் வென்று சாதனை படைத்தது. அதே இருவரின் பகைமை பின்னாளில் இந்திய டென்னிஸின் தலைப்புச் செய்தியாக மாறியது.

2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது பயஸுடன் இணைந்து ஆட பூபதியும் ரோகன் போபண்ணாவும் மறுத்தனர். அகில இந்திய டென்னிஸ் சங்கம் வேறு வழியின்றி இரண்டு இணைகளை அனுப்பியது. இரண்டுமே இரண்டாவது சுற்றில் வெளியேறின. இந்தப் பிணக்கில் ஒருவரைச் சமாதானப்படுத்துவதற்கான தூண்டிலாகத் தன்னைப் பயன்படுத்தியதாக சானியா மிர்சா வெளிப்படையாகவே வேதனை தெரிவித்தார்.

2013 பிப்ரவரியில் நிலைமை முற்றியது. பரிசுத்தொகையில் உரிய பங்கு, அணிக்கு உடற்பயிற்சி மருத்துவ வசதி, அணித்தலைவர் மாற்றம் போன்ற கோரிக்கைகளை முன்வைத்து, சோம்தேவ் தேவ்வர்மன் உள்ளிட்ட முன்னணி வீரர்கள் தென்கொரியாவுக்கு எதிரான போட்டியைப் புறக்கணித்தனர். பயஸையும் அனுபவம் குறைந்த வீரர்களையும் கொண்டு தில்லியில் ஆடிய இந்தியா 1-4 எனத் தோற்றது. நுழைவுச்சீட்டு வாங்கி வந்த ரசிகர் பார்த்தது நாட்டின் முதல் அணியை அல்ல.

ஊதியமா, கடமையா?

2024-ல் ஸ்வீடன் போட்டிக்கு முன்பும் இதே காட்சி அரங்கேறியது. நாட்டின் முதல்நிலை ஒற்றையர் வீரர் சுமித் நாகல் முதுகுவலியால் விலகினார். சசிகுமார் முகுந்தும் யூகி பாம்ப்ரியும் ஆடவில்லை. இரட்டையர் ஆட்டத்தில் தேர்ந்த கோவை வீரர் ஸ்ரீராம் பாலாஜி, ஒற்றையரில் களமிறக்கப்பட்டார். நாட்டுக்காக ஆட ஆண்டுக்கு 50,000 டாலர் ஊதியம் நாகல் கேட்டதாக டென்னிஸ் சங்கம் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டியது. நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்தும்போதும் வீரர்களுக்கு ஊதியம் வழங்குவது விளையாட்டுலகின் வழக்கமே என்பது நாகலின் பதில்.

ரசிகர்களின் கோபம் முதலில் பாய்ந்தது வீரர் மீதுதான். தேசக்கொடியின் கீழ் ஆடுவதற்கு விலை பேசலாமா என்ற கேள்வி எளிதில் எழும். ஆனால், அதே நாகல் அதற்கு ஓராண்டுக்கு முன், தமது வங்கிக் கணக்கில் 900 யூரோ மட்டுமே இருப்பதாகக் கூறியவர். சில மாதங்களில் ஆஸ்திரேலிய ஓபனில் தரவரிசை பெற்ற அலெக்ஸாண்டர் பப்ளிக்கை வென்றார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் இந்தியர் ஒருவர் அத்தகைய வீரரை வென்றது, 1989-ல் ரமேஷ் கிருஷ்ணனுக்குப் பிறகு அதுவே முதல்முறை.

டென்னிஸ் வீரர் கிரிக்கெட் வீரரைப் போல வாரியத்தின் ஒப்பந்த ஊதியத்தில் வாழ்பவர் அல்லர். பயிற்சியாளர், பயணம், தங்கும் விடுதி என அனைத்தும் அவரது சொந்தச் செலவு. டேவிஸ் கோப்பை வெற்றிக்கு உலகத் தரவரிசைப் புள்ளிகளும் கிடையாது. 1997 முதல் 2017 வரை சென்னையிலும், பின்னர் புணேயிலும் நடைபெற்றுவந்த ஏடிபி போட்டி 2023-உடன் நின்றுபோனது. உள்நாட்டில் பெரிய வீரர்களோடு மோதும் வாய்ப்பும் அதனுடன் போயிற்று. ஆண்டு முழுவதும் தனியாகப் போராட விட்டுவிட்டு, ஓரிரு வாரங்களுக்கு மட்டும் தேசபக்தியை நினைவூட்டும் சங்கத்தின் குரலில் வலு இல்லை.

அதற்காக வீரர்கள் அனைவரும் குற்றமற்றவர்கள் என்றும் கூறிவிட முடியாது. தனிப்பட்ட பகையை ஒலிம்பிக் வரை கொண்டு சென்றது எந்தக் கோரிக்கையாலும் நியாயமாகாது.

நாடாளுமன்றம் காட்டிய வழி

டென்னிஸ் சங்கத்தின் நிர்வாகத் தேர்தலே நீதிமன்றப் படியேறியது. சோம்தேவ், பூரவ் ராஜா ஆகியோர் தொடர்ந்த வழக்கில், 2024 செப்டம்பரில் நடந்த தேர்தலின் முடிவை முத்திரையிட்ட உறையில் வைக்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இத்தகைய வழக்குகளின் பின்னணியில்தான் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா வந்தது. 2025 ஆகஸ்ட் 11-ல், பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடர்பான அமளிக்கிடையே மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் அது நிறைவேறியது. சங்கங்களை அங்கீகரிக்கத் தேசிய விளையாட்டு வாரியம், தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம், நிர்வாகக் குழுவில் சிறந்த விளையாட்டு வீரர்கள் இருவராவது இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவை இச்சட்டத்தின் சாரம். 2013-ல் வீரர்கள் புறக்கணிப்பின் மூலம் கேட்டதை, இனி நிர்வாகக் குழுவில் அமர்ந்து கேட்க வழி பிறந்துள்ளது. அதிகாரம் மத்திய அரசின் கையில் குவிந்துவிடுமோ என்ற ஐயம் இருக்கலாம். எனினும், வாசல் திறந்த பின் உள்ளே செல்லாமல் வெளியே நின்று குறைகூற வீரர்களுக்கும் இனி இடமில்லை.

2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் நாகல் ஆட வந்தார். உலகத் தரவரிசையில் 600-க்கும் பின்னால் இருந்த மதுரை இளைஞர் தட்சிணேஸ்வர் சுரேஷ், தமது முதல் டேவிஸ் கோப்பை ஆட்டத்திலேயே வென்றார். இந்தியா 3-1 என வெற்றி பெற்றது. ஐரோப்பிய நாடு ஒன்றை அதன் மண்ணில் இந்தியா வென்றது, 1993-ல் ஃப்ரெஜு நகரில் பிரான்ஸை வீழ்த்திய பிறகு அதுவே முதல்முறை.

கோப்பையை வென்றே தீர வேண்டும் என்று ரசிகர் கேட்கவில்லை. ஆடத் தகுந்தவர்கள் ஆட வர வேண்டும். வராவிட்டால் அதற்கான காரணத்தை வீரரும் சங்கமும் நாட்டுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் கேட்பது அவ்வளவே.