ஃபார்மேட் செய்யும் முன் பதிவேட்டைப் பாருங்கள்

எங்கள் தெருமுனையில் டிடிபி சென்டர் நடத்தும் அக்காவுக்கு அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அதில்தான். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வேலை பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அப்படியே நின்னுடுது. மவுஸ் மட்டும் அசையுது. அரை நிமிஷம் கழிச்சு தானா ஓடுது. ரெண்டு தடவை ஃபார்மேட் பண்ணியாச்சு. பத்து நாள் நல்லா இருக்கு, மறுபடியும் அதே கதை."

விண்டோஸ் தனக்குள் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். ஒரே எண்ணைத் தாங்கிய மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக நின்றன. நடுநடுவே சிவப்பு. எல்லாமே ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிய புகார்கள். ஆனால் முதல் பதிவின் தேதி, இரண்டாவது தடவை ஃபார்மேட் செய்த நாள். அதற்கு முந்தையவை ஃபார்மேட்டோடு அழிந்துவிட்டன. டிஸ்க்கின் 2 வருட வாரண்டி 19 நாள் முன்பு முடிந்திருந்தது. கோளாறு பல மாதங்களாக இருக்கிறது என்பது அக்காவுக்குத் தெரியும். அதைக் காட்ட அவர் கையில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. விண்டோஸ் போட்டவர் இரண்டு தடவையும் பில் கொடுக்கவில்லை. டிஸ்க் விற்ற கடையில் "வாரண்டி முடிஞ்சிடுச்சும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். பதிவேட்டில் திரும்பத் திரும்ப வரும் டிஸ்க் பிழை உங்கள் கோப்புகளுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை. நீங்கள் கொடுத்த பணத்துக்கு அதுவே சாட்சியும். அதை அழிய விடாதீர்கள்.

பதிவேட்டைப் பார்ப்பது எப்படி?

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறக்கவும். இடப்பக்கம் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. வலப்பக்கத்தில் 'ஃபில்டர் கரன்ட் லாக்' என்பதைச் சொடுக்கி, எண்ணுக்கான கட்டத்தில் 7, 11, 51, 52, 55, 129, 153 என்று காற்புள்ளியிட்டு எழுதவும். இதே எண்களை வேறு சில நிரல்களும் பயன்படுத்துகின்றன. உதாரணமாக, 55 என்ற எண்ணில் பிராசசரைப் பற்றிய சாதாரணத் தகவல் எல்லா கம்ப்யூட்டரிலும் வரும். அதனால் 'சோர்ஸ்' என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே டிஸ்க், என்டிஎஃப்எஸ், ஸ்டோர்ஏஎச்சிஐ, ஸ்டோர்என்விஎம்இ போன்ற பெயர்கள் இருந்தால்தான் நமக்குரியது.

7 என்றால் டிஸ்க்கில் படிக்க முடியாத பகுதி, அதாவது பேட் பிளாக் இருக்கிறது. 11 என்றால் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையிலான கட்டுப்பாட்டுச் சுற்றில் பிழை. 51 என்றால் நினைவகத்துக்கும் டிஸ்க்குக்கும் இடையே தகவல் போய்வரும்போது தடங்கல். 55 என்றால் கோப்பு அமைப்பே சிதைந்திருக்கிறது. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் அந்த இணைப்பை ரீசெட் செய்திருக்கிறது. 153 என்றால் கேட்ட தகவல் வராமல் மறுபடியும் கேட்க நேர்ந்திருக்கிறது. அக்காவின் திரை உறைந்து நின்ற அந்த அரை நிமிடம் இதுதான். 52 வந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம்: தான் சீக்கிரம் செயலிழக்கப்போவதாக டிஸ்க்கே சொல்கிறது.

153, 129, 51, 52 எல்லாம் மஞ்சள் நிறத்தில்தான் வரும். சிவப்பு இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. அதே நேரம், எப்போதோ ஒரு தடவை வந்த ஒற்றைப் பதிவுக்குப் பதறவும் வேண்டாம். பென் டிரைவை அவசரமாகப் பிடுங்கினாலும் பதிவு விழும். பெரும்பாலான பதிவுகளைச் சொடுக்கினால் கீழே எந்த டிஸ்க் என்று எண் இருக்கும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டைத் திறந்தால் அந்த எண் எந்த டிஸ்க்குக்கு உரியது என்று தெரியும். ஒரே டிஸ்க், ஒரே எண், நாள்தோறும் என்று வந்தால்தான் விஷயம் முற்றுகிறது என்று அர்த்தம்.

முதலில் காப்பி, பிறகு வைத்தியம்

காரணத்தைத் தேடுவதற்கு முன்பே முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். முதலில் மாற்ற வேண்டியவை, இன்னொரு தடவை கிடைக்காதவை: குடும்பப் படங்கள், கணக்குகள், வாடிக்கையாளர் வேலைகள். சினிமாவும் மென்பொருளும் கடைசி.

ஏன் இந்த அவசரம்? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைக் கவனித்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டதும், அடுத்த 60 நாளுக்குள் அது செயலிழக்கும் வாய்ப்பு, பிழை இல்லாத டிஸ்க்கை விட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொரு உண்மையும் வந்தது: செயலிழந்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எந்த முன்னறிவிப்பும் தரவில்லை. ஆகவே எச்சரிக்கை கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. அந்த அவகாசத்தை வீணாக்கக் கூடாது.

இந்தக் கட்டத்தில் செய்யக் கூடாதவை சில. டீஃப்ராக் ஓட்டாதீர்கள். காப்பி எடுக்கும் முன் 'செக் டிஸ்க்' முழுச் சோதனை வேண்டாம். அது டிஸ்க் முழுவதையும் படித்து அலசும், தேய்ந்த டிஸ்க்குக்கு அதுவே கடைசி உழைப்பாகிவிடக்கூடும். டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஹார்ட் டிஸ்க்கின் மூடியைக் கடையில் திறக்க விடாதீர்கள். உள்ளே தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையிலான வெளி ஒரு தூசியைவிடச் சிறியது. அதைத் திறக்கும் வேலை தூசியில்லாத கிளீன் ரூம் உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும். லினக்ஸ் தெரிந்தவர் துணைக்கு இருந்தால், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட பகுதிக்குப் பிறகு திரும்பும் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவியைக் கேளுங்கள்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஃபார்மேட் செய்தால், 'ட்ரிம்' என்ற கட்டளை வழியாக அந்த இடமெல்லாம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் சொல்லிவிடும். அதன்பிறகு பெரும்பாலும் எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

டிஸ்க்கா, கேபிளா?

காப்பி எடுத்தாயிற்று. இப்போது குற்றவாளியைத் தேடலாம். ஒவ்வொரு டிஸ்க்கும் 'ஸ்மார்ட்' என்ற பெயரில் தன் உடல்நலக் குறிப்பைத் தானே எழுதி வைக்கிறது. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச நிரலில் அதைப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க் என்றால் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள், சந்தேகத்தில் நிற்கும் இடங்கள், படிக்கவே முடியாத இடங்கள் ஆகியவற்றின் கணக்கு அது. எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் தேய்ந்துவிட்டது. எந்த மென்பொருளும் அதைக் குணப்படுத்தாது.

சி7 மட்டும் ஏறினால் சந்தேகம் கேபிளின் மேல். டிஸ்க் அனுப்பிய தகவல் வழியில் சிதைகிறது என்று பொருள். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, சாட்டா கேபிளை மாற்றுங்கள், வேறு போர்ட்டில் செருகுங்கள். இந்த எண் ஒருபோதும் குறையாது. அதனால் இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்து ஒப்பிடவும். நின்ற இடத்திலேயே நின்றால் நூற்றுச் சொச்ச ரூபாயில் வேலை முடிந்தது. மின்சாரம் அடிக்கடி போய் வரும் இடங்களில் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பழையதாக இருந்தால் அதுவும் இதே பிழைகளைக் கிளப்பும்.

எஸ்எஸ்டி என்றால் அதற்குள்ளிருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குத் தயாரிப்பாளரின் தளத்தில் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்பிஇ நிறுவனம் 2019 நவம்பரில், தன் சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், தகவலும் மீளாது என்று அறிவித்து, அதற்கு முன்பே ஃபர்ம்வேரை மாற்றிக்கொள்ளச் சொன்னது. ஃபர்ம்வேரை மாற்றும் முன்பும் காப்பி எடுத்துவிடுங்கள்.

பயமுறுத்தும் போன்கள்

இதே பதிவேட்டை வைத்து ஏமாற்றும் கூட்டமும் உண்டு. "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று போன் வரும். ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி, சிவப்பும் மஞ்சளுமாகக் கிடப்பதைக் காட்டி மிரட்டி, தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். பிறகு வங்கிக் கணக்கு காலி. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் சில சிவப்புப் பதிவுகள் இருக்கத்தான் செய்யும். நீங்கள் கேட்காமல் யாரும் உங்களுக்குப் போன் செய்து உங்கள் டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். போனை வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இன்னொரு ஆபத்து, டிஸ்க்கோடு போகும் அந்தரங்கம். வாரண்டியில் கொடுத்த பழைய டிஸ்க் பொதுவாகத் திரும்பி வராது. ஓடும் நிலையில் இருந்தால் முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள். ஓடவில்லை, உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாதது என்றால், வாரண்டியை விட்டுக்கொடுப்பதே நல்லது. டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை முன்கூட்டியே போட்டிருந்தால் இந்தக் கவலை இல்லை. ஆனால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தனியே எழுதிவைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் கோப்பு உங்களுக்கே கிடைக்காது.

சட்டம் தரும் பிடிமானம்

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறை. நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை வெளியே விடுவதும் அப்படியே. கேட்காமல் ஃபார்மேட் செய்து கோப்புகளை அழித்தால் அதைச் சேவைக் குறைபாடாக வழக்காடலாம். "கடை வைத்திருக்கிறீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தவே வாங்கிய பொருள் என்றால் அதை வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் பிரிவு 2(7) சொல்கிறது.

வாரண்டி டிஸ்க்குக்குத்தான், அதில் இருந்த கோப்புகளுக்குப் பெரும்பாலும் இல்லை. அந்தப் பொறுப்பைக் காப்பி எடுத்து நாம்தான் ஏற்க வேண்டும். டிஸ்க்கின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்தால் வாரண்டி என்று முடிகிறது என்று தெரியும். லேப்டாப்புடன் வந்த டிஸ்க் என்றால் லேப்டாப் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

முதல் தொடர் பிழையைப் பார்த்த நாளிலேயே 'சேவ் ஃபில்டர்டு லாக் ஃபைல் ஆஸ்' என்பதைச் சொடுக்கிப் பதிவை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். ஸ்மார்ட் திரையைப் படமெடுங்கள். பழைய பதிவுகளின் மேலேயே புதியவற்றை விண்டோஸ் எழுதிவிடும் என்பதால் ஃபார்மேட் செய்யாவிட்டாலும் அவை நிலைக்காது. பிறகு கடைக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். வாய்ச்சொல் போதாது, வாரண்டி காலத்துக்குள் சொன்னதற்குத் தேதியோடு கூடிய எழுத்து வேண்டும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

அக்காவின் டிஸ்க்கிலிருந்து ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து காப்பி எடுத்தோம். முந்தைய வருடப் பத்திரிகை டிசைன்கள் இருந்த ஒரு ஃபோல்டர் மட்டும் வரவேயில்லை. புது டிஸ்க்கைத் தன் கைக்காசில் வாங்கினார். இப்போது அவர் சிபியுவின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது: வாங்கிய தேதி, சீரியல் எண், வாரண்டி முடியும் தேதி. அதன் கீழே மாதா மாதம் முதல் தேதியில் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அவர் கையால் எழுதும் ஒரு வரி. கடைசியாக நான் போனபோது ஏழு வரிகள் இருந்தன. ஏழிலும் "ஒன்றுமில்லை" என்றே எழுதியிருந்தார்.